ஓடும் கடலில் அலுமினியம்

அலுமினியம் துருப்பிடிக்காது என்பார்கள். உண்மையில் இரும்பைவிட ஆவலாக ஆக்சிஜனோடு சேரும் உலோகம் அது. காற்றுப் பட்டதுமே சில நானோமீட்டர் தடிமனில் மேலே ஓர் ஆக்சைடு படலம் படிந்துவிடும்; உள்ளே இருப்பது அதனால்தான் பிழைக்கிறது. கீறினாலும் படலம் மறுபடி வளர்ந்துகொள்ளும்.

கடல்நீரிலுள்ள குளோரைடு இந்தப் படலத்தின் நலிந்த இடங்களில் புகுந்து குழி பறிக்கிறது. குழிக்குள் கரைந்த அலுமினியம் நீருடன் வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்கும். அமிலம் படலத்தை வளரவிடாது. குழி தன்னைத்தானே ஆழமாக்கிக்கொள்ளும். வெளியே ஊசிமுனைப் புள்ளிதான் தெரியும், தகடு ஓட்டையாகியிருக்கும்.

அப்படியென்றால் ஓடும் நீர் இன்னும் மோசமா? மிதமான ஓட்டம் நல்லதே. அது அமிலத்தை அலசிப் போகிறது, படலம் வளரத் தேவையான ஆக்சிஜனையும் கொண்டுவருகிறது. சேறும் சிப்பியும் அப்பிய, நீர் தேங்கும் மூலைகளில்தான் ஆபத்து அதிகம். ஆனால் வேகம் மிகுந்து மணலும் கலந்துவிட்டால், குழாய் வளைவுகளில் படலமே உரசி எடுக்கப்பட்டுவிடும்.

இதை ஆராய ஏற்ற இடம் ஹவாய்த் தீவின் கியாஹோலே முனை. கடலின் மேல்மட்ட வெதுவெதுப்பான நீரால் அம்மோனியாவை ஆவியாக்கி, ஆழத்துக் குளிர்நீரால் மறுபடி திரவமாக்கி மின்சாரம் எடுக்கும் சோதனைகள் அங்கே நடந்திருக்கின்றன. மக்காய் நிறுவனம் 2015-இல் அங்கே சுமார் 100 கிலோவாட் நிலையத்தைத் தொடங்கியது. இரு நீருக்கும் வெப்பநிலை வேறுபாடு 20 டிகிரி அளவே என்பதால் வெப்பமாற்றிகளுக்குப் பெரும் பரப்பு வேண்டும். டைட்டேனியம் கடல்நீருக்கு அசையாது, ஆனால் விலை கட்டாது. அதனால்தான் அலுமினியத்தின் மேல் கண்.

சோதனைகளில் ஒரு விசித்திரம் தெரிந்தது. வெதுவெதுப்பான மேல்நீரில் அலுமினியம் மெதுவாக, சீராக மட்டுமே தேய்கிறது. குளிர்ந்த ஆழநீரிலோ குழி விழுகிறது. குளிரில் அரிப்பு குறையும் என்றுதானே நினைப்போம்! ஆழநீரில் ஆக்சிஜன் குறைவு, காரத்தன்மையும் குறைவு. காயம்பட்ட படலம் எளிதில் ஆறுவதில்லை.

கலப்புலோகமும் முக்கியம். மக்னீசியம் கலந்த 5083 போன்றவை கடலுக்கு உகந்தவை. விமானத்துக்குப் பயன்படும், செம்பு கலந்த வகைகள் கடலில் தாங்காது. செம்பு வெளியிலிருந்து வந்தாலும் கெடுதல்தான்: நீர் வரும் வழியில் செம்புக் குழாய் இருந்தால், அதிலிருந்து கரைந்துவரும் துளிச் செம்பு அலுமினியத்தில் படிந்து, படிந்த இடத்தைச் சுற்றிக் குழி பறிக்கும். அலுமினியப் படகு வைத்திருப்பவர்களே, பாசி பிடிக்காமலிருக்க அடிப்பகுதிக்குப் பூசும் சாயத்தில் செம்பு இருக்கிறதா என்று வாங்குமுன் டப்பாவைப் படித்துப் பாருங்கள்.