பூனையின் காதோரத்தில் ஒரு துளி



நீரிழிவு நோயாளியின் சிறுநீரில் எறும்பு மொய்க்கும் என்பதை நம் முன்னோர் நெடுங்காலத்திற்கு முன்பே கண்டிருந்தனர். மதுமேகம் என்று அவர்கள் இட்ட பெயரே அதற்குச் சான்று. அவ்வெறும்பு வரிசை ஒருநாள் நம் வீட்டுப் பூனையின் மணற்பெட்டியை நோக்கியும் செல்லக்கூடும். பூனைக்குமா இந்நோய் என வியப்பீர்கள், பூனைக்கும் உண்டு. வயது முதிர்ந்து, உடல் பருத்து, வீட்டை விட்டு வெளியேறாத பூனைகளிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது. ஓயாது நீர் பருகுதல், அடிக்கடி சிறுநீர் கழித்தல், நன்றாகத் தின்றும் மெலிதல் ஆகியவை இதன் அறிகுறிகள். சில பூனைகள் பின்னங்கால்களின் குதிகால் தரையில் படும்படி தளர்ந்து நடக்கும்.

நோய் இன்னதென மருத்துவர் உறுதி செய்தபின், பெரும்பாலும் நாளுக்கு இருமுறை இன்சுலின் செலுத்த வேண்டியிருக்கும். மருந்தின் அளவைச் சரிவர அமைக்க இரத்தத்திலுள்ள சர்க்கரையின் அளவு தெரிய வேண்டும். அதனை மருத்துவமனையிலேயே பார்த்துக்கொள்ளலாகாதோ எனில், அங்கேதான் ஓர் இடர்ப்பாடு உளது. மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ ஒரு பூனையைக் கூடையிலிட்டு, பேருந்தில் ஏற்றி, மதுரைக்குக் கொண்டுவருகிறோம் என வைத்துக்கொள்வோம். பேருந்தின் இரைச்சலும் நாய்களின் குரைப்பும் அதனை நடுங்கச் செய்கின்றன. அச்சத்தினால் அதன் இரத்தச் சர்க்கரை மளமளவென்று ஏறிவிடும். நோயற்ற பூனைக்கும் இவ்வாறு ஏறுவதுண்டு. அந்த எண்ணை மட்டும் நம்பி மருந்தைக் கூட்டினால் தீங்கு விளையும். தான் வழக்கமாகப் படுக்கும் திண்ணையில் அமைதியாக இருக்கும்போது எடுக்கும் அளவே மெய்ந்நிலைக்கு நெருங்கியது.

எறும்பை நம்பினால் போதாதா? போதாது. பூனையின் இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 250 மில்லிகிராமைத் தாண்டிய பின்னரே அது சிறுநீரில் இறங்கும். ஆகவே எறும்பு மிகுதியை மட்டுமே காட்டும், குறைவைக் காட்டாது. உயிருக்கு உடனடியாக ஊறு செய்வதோ குறைவுதான்.

இனிச் சோதிக்கும் முறையைக் காண்போம். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பூனையின் காதில் சிறிது நேரம் வைத்தால் இரத்த ஓட்டம் பெருகும். காதின் உட்புறம் மடித்த பஞ்சைத் தாங்கலாக வைத்து, வெளிவிளிம்பை ஒட்டி ஓடும் நரம்பின் அருகே ஊசியால் மெல்லக் குத்த வேண்டும். அரும்பும் துளியைக் கருவியில் செருகிய சோதனைப் பட்டையின் நுனி தானே உறிஞ்சிக்கொள்ளும். பின்னர்க் காதைப் பஞ்சால் சற்றே அழுத்திப் பிடித்து, ஒரு துண்டு வேகவைத்த கோழி இறைச்சியைக் கொடுங்கள். சில நாட்களில் பூனை பழகிவிடும். மனிதர்க்கான கருவி பூனையின் இரத்தத்தில் உண்மையைவிடச் சற்றுக் குறைத்துக் காட்டுவதுண்டு; ஆதலின் எக்கருவி கொண்டு அளந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒவ்வோர் ஊசிக்கும் முன்னர் அளந்து, நாளும் நேரமும் இட்டுக் குறித்து வையுங்கள். மருத்துவர் விரும்பினால், ஒருநாள் முழுதும் இரண்டு மணிக்கு ஒருமுறை அளந்து, மருந்து எப்போது மிகுதியாக வேலை செய்கிறது என்பதையும் அறியலாம்.

இவ்வளவு கவனம் ஏன்? தக்க மருந்தும், சோற்றைக் குறைத்து இறைச்சியை மிகுத்த உணவும் கிடைத்தால், சில பூனைகளின் கணையம் சில மாதங்களில் மீண்டும் இன்சுலினைச் சுரக்கத் தொடங்குகிறது. அது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், நேற்று மருந்தாயிருந்த அளவு இன்று நஞ்சாகிவிடும். அளவு 60 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலும், பூனை தள்ளாடினாலும் நடுங்கினாலும், ஊசி போடாமல், ஈறுகளில் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் விரையுங்கள். நினைவற்ற பூனையின் வாயில் எதனையும் ஊற்றலாகாது.

மற்றொரு எச்சரிக்கை. நம் மருந்துக்கடைகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உடையதும் 100 யூனிட் உடையதுமாக இருவகை இன்சுலின் கிடைக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஊசிக்குழல் வேறு. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் குழலில் அதே கோடு வரை எடுத்தால், இரண்டரை மடங்கு மருந்து ஏறிவிடும். புட்டியையும் குழலையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே கையில் எடுங்கள். மதுரைக் கோடையில் மருந்தை வெளியே வைத்தால் வீரியம் குன்றும். உறைய விட்டாலும் கெடும். குளிர்ப்பெட்டியின் நடுத்தட்டே அதற்குரிய இடம்.

கணையத்திற்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு 1889இல் ஸ்டிராஸ்பர்க் நகரில் ஒரு நாயின் வாயிலாகவே வெளிப்பட்டது. 1921இல் டொரண்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைக் கண்டதும் நாய்களை வைத்துத்தான். விலங்குகள் தம் உயிரால் நமக்கு ஈட்டித் தந்த மருந்து அது. அதனை நம் வீட்டு விலங்கிற்கு அளிக்கும்போது, ஊசிக்கு முன் ஒரு துளி இரத்தத்தை அளந்து பார்க்கும் பொறுமையேனும் நமக்கு வேண்டாமா?