ஒரே டெலிபோன் லைன்... ஊரே வந்து விளையாடிய 'கதவு'! - டயல்-அப் காலத்து கேம் ஃப்ளாஷ்பேக்

வருடம் 1993. அமெரிக்காவில் ஏதோ ஒரு சின்ன ஊர். இரவு 11 மணி. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். பின்னறையில் ஒரு கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் முன்னால் யாரும் இல்லை. திடீரென்று மோடத்தில் சிவப்பு விளக்குகள் மினுங்குகின்றன. 'கீ...ங், கர்ர்ர்' என்று ஒரு சத்தம். திரையில் ஒரு பெயர் தோன்றுகிறது. ஊரின் இன்னொரு மூலையில் இருக்கும் ஒருவர், தன் வீட்டு டெலிபோன் வழியாக இந்தக் கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டார்.

எதற்கு? ஒரு டிராகனைக் கொல்ல!

இன்டர்நெட் வீடுகளுக்கு வருவதற்கு முன்பே இப்படி ஓர் ஆன்லைன் விளையாட்டு உலகம் இருந்தது. அந்த விளையாட்டுகளுக்குப் பெயர் 'டோர் கேம்'. அதாவது, கதவு விளையாட்டு. அதிலும் படங்களோடு கூடிய கதவு விளையாட்டு ஒன்றை வீட்டில் நிறுவுவது, இன்று மொபைலில் ஆப் இறக்குவதுபோல இரண்டு நிமிட வேலை அல்ல. பல ராத்திரிகளை விழுங்கிய வேலை.

பனிப்புயலில் பிறந்த பலகை

1978 ஜனவரியில் சிகாகோவைப் பெரும் பனிப்புயல் தாக்கியது. வெளியே போக முடியாமல் வீட்டில் முடங்கிய வார்ட் கிறிஸ்டென்சனும் அவருடைய நண்பர் ராண்டி சூஸும் ஒரு யோசனையில் இறங்கினார்கள். கம்ப்யூட்டர் கிளப் சுவரில் ஒரு நோட்டீஸ் போர்டு இருக்கும். உறுப்பினர்கள் அதில் சீட்டு எழுதிக் குத்தி வைப்பார்கள். அந்தப் போர்டையே ஒரு கம்ப்யூட்டருக்குள் வைத்து, டெலிபோனில் கூப்பிட்டுப் படிக்கும்படி செய்தால் என்ன? சூஸ் வன்பொருளைப் பார்த்துக்கொண்டார். கிறிஸ்டென்சன் மென்பொருளை எழுதினார். 1978 பிப்ரவரி 16-ல் அது பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. உலகின் முதல் டயல்-அப் 'புல்லட்டின் போர்டு சிஸ்டம்', சுருக்கமாக 'பிபிஎஸ்', இதுதான் என்று கருதப்படுகிறது.

அடுத்த 15 ஆண்டுகளில் அமெரிக்கா முழுக்க வீட்டுக்கு வீடு இப்படிப் போர்டுகள் முளைத்தன. அங்கே பல இடங்களில், வீட்டு லைனிலிருந்து உள்ளூர் அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. மாத வாடகையோடு சரி. ஆனால், வெளியூருக்கு டயல் செய்தால் நிமிடத்துக்கு நிமிடம் காசு. அதனால் ஒவ்வொரு போர்டுக்கும் வந்து போனவர்கள் பெரும்பாலும் அதே ஊர்க்காரர்கள்தான். போர்டை நடத்துபவருக்கு 'சிஸ்டம் ஆபரேட்டர்' என்று பெயர். செல்லமாக 'சிஸாப்'. பலருக்கு இது தொழில் அல்ல. சொந்தக் காசைப் போட்டுச் செய்த பொழுதுபோக்கு.

'கதவு' என்ற பெயர் ஏன்?

போர்டு மென்பொருளுக்குக் கடிதங்களைக் காட்டத் தெரியும், ஃபைல்களை அனுப்பத் தெரியும். விளையாட்டு தெரியாது. விளையாட்டு என்பது தனியாக வேறொருவர் எழுதிய புரோகிராம். அழைத்தவர் மெனுவில் விளையாட்டைத் தேர்ந்தெடுத்ததும், போர்டு மென்பொருள் டெலிபோன் லைனை அந்தப் புரோகிராமின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஆட்டம் முடிந்ததும் லைன் மறுபடி போர்டின் கைக்கு வரவேண்டும். ஓர் அறையிலிருந்து கதவைத் திறந்து அடுத்த அறைக்குப் போய்த் திரும்புவதுபோல. அதனால்தான் கதவு.

சிக்கலும் அங்கேதான். போனவர் திரும்பி வராவிட்டால்? விளையாட்டு நடுவில் உறைந்து நின்றுவிட்டால், கம்ப்யூட்டரும் அப்படியே நிற்கும். அடுத்து அழைப்பவர்களுக்கு மணி அடித்துக்கொண்டே இருக்கும். அல்லது 'பிஸி' சத்தம் வரும். சிஸாப் காலையில் வேலைக்குப் போயிருந்தால், மாலையில் அவர் வந்து ரீஸ்டார்ட் செய்யும்வரை போர்டு செத்த மாதிரிதான். இரண்டு மூன்று முறை இப்படி ஆனால், வழக்கமாக வருபவர்கள் வேறு நம்பருக்கு டயல் செய்யப் பழகிவிடுவார்கள். ஆகவே, ஒரு புது விளையாட்டை நிறுவுவது என்பது சிஸாப் தன் போர்டையே பணயம் வைப்பது மாதிரி.

52 வரிகளில் ஒரு அறிமுகச் சீட்டு

நிறுவும் வேலை எப்படி நடந்தது? முதலில் இன்னொரு போர்டிலிருந்து விளையாட்டின் ஜிப் ஃபைலை டவுன்லோடு செய்யவேண்டும். அதைத் தனி டைரக்டரியில் பிரித்து வைத்து, அதோடு வந்த குறிப்புகளை வரி விடாமல் படிக்கவேண்டும்.

அடுத்தது 'டிராப் ஃபைல்'. யார் அழைத்திருக்கிறார், எந்த ஊர், என்ன வேகத்தில் இணைந்திருக்கிறார், இன்னும் எத்தனை நிமிடம் பாக்கி இருக்கிறது, அவர் திரையில் வண்ணங்கள் தெரியுமா என்பதையெல்லாம் போர்டு மென்பொருள் ஒரு சின்ன ஃபைலில் எழுதிவைக்கும். விளையாட்டு அதைப் படித்துத்தான் வந்தவரைப் பெயர் சொல்லி வரவேற்கும். 'டோர்.சிஸ்' என்ற வகை ஃபைலில் 52 வரிகள் இருக்கும். 'டோர்இன்ஃபோ' வகையில் 13 வரிகள்தான். போர்டு ஒரு வகையை எழுதி, விளையாட்டு வேறு வகையை எதிர்பார்த்தால் கதை முடிந்தது. சரியான ஃபைல்தான், ஆனால் டைரக்டரியின் பெயரில் ஓர் எழுத்து தப்பு என்றாலும் கதவு திறக்காது.

மூன்றாவது, மோடத்தோடு பேசும் வழி. இதற்காக 'ஃபாசில்' என்ற இடைத்தரகர் புரோகிராம் ஒன்றை முன்னதாகவே நினைவகத்தில் ஏற்றிவைப்பார்கள். போர்டும் விளையாட்டும் இரண்டும் அதன் வழியாகவே மோடத்திடம் பேசும். அப்போதுதான் கைமாறும்போது லைன் அறுந்துபோகாது.

நான்காவது, இடப் பற்றாக்குறை. டாஸ் காலத்தில் சாதாரண புரோகிராம்கள் இயங்கக் கிடைத்த இடம் 640 கிலோபைட்தான். போர்டு மென்பொருள் அதில் கால் நீட்டிப் படுத்திருந்தால் விளையாட்டுக்கு எங்கே இடம்? அதனால், போர்டு மென்பொருள் முழுசாக வெளியேறி, 'பேட்ச் ஃபைல்' ஒன்று விளையாட்டை ஓட்டி, ஆட்டம் முடிந்ததும் போர்டை மறுபடி எழுப்பும்படி ஏற்பாடு செய்வார்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் காலை வாரும் ஒரு விஷயம் உண்டு. 'காம் 1', 'காம் 3' என்ற இரண்டு இணைப்புகளும் கம்ப்யூட்டரைக் கூப்பிட வழக்கமாக ஒரே மணியைத்தான் பயன்படுத்தின. இரண்டு வீட்டுக்கு ஒரே காலிங் பெல் மாதிரி. ஒன்றில் மவுஸையும் இன்னொன்றில் மோடத்தையும் மாட்டியிருந்தால், சிஸாப் மவுஸை நகர்த்திய நேரத்தில் அழைத்தவரின் லைன் திணறும். காரணம் புரியாமல் விளையாட்டைத் திட்டியவர்கள் உண்டு.

சொந்தக் கீபோர்டில் உட்கார்ந்து விளையாடிப் பார்த்தால் எல்லாம் அருமையாக ஓடும். ஆனால், அது சோதனையே அல்ல. அங்கே மோடத்துக்கு வேலையே இல்லையே! நண்பர் ஒருவரிடம் சொல்லி வெளியிலிருந்து அழைக்கச் சொல்லவேண்டும். ஆட்டத்தின் நடுவே போனைப் பட்டென்று வைக்கவும் சொல்லவேண்டும். லைன் அறுந்ததைப் புரிந்துகொண்டு, விளையாட்டு தானாக மூடிக்கொண்டு போர்டு திரும்பி வருகிறதா? வந்தால்தான் சிஸாப் நிம்மதியாகத் தூங்கலாம்.

படத்தை அனுப்பாமல் படம் காட்டுவது எப்படி?

பெரும்பாலான கதவு விளையாட்டுகள் எழுத்துகளாலும் 'ஆன்சி' வண்ணக் கட்டங்களாலும் ஆனவை. நிஜப் படம் வேண்டும் என்றால் கணக்கு இடித்தது. அன்றைய 'ஈஜிஏ' திரையில் 640-க்கு 350 புள்ளிகள், 16 வண்ணங்கள். ஒரு முழுத்திரைப் படம் 1,12,000 பைட். 2400 வேக மோடம் ஒரு விநாடிக்கு அனுப்புவது சுமார் 240 எழுத்துகள். ஒரே ஒரு படம் வந்து சேர ஏறக்குறைய 8 நிமிடம்! தினம் 30, 40 நிமிடம் மட்டுமே அனுமதி உள்ளவர், படத்தைப் பார்த்துக்கொண்டே நேரத்தைத் தீர்த்துவிடுவார்.

இதற்கு 1990-களின் தொடக்கத்தில் டெலிகிராஃபிக்ஸ் என்ற நிறுவனம் கொண்டுவந்த வழிதான் 'ரிப்'. 'ரிமோட் இமேஜிங் புரோட்டோகால்' என்பதன் சுருக்கம். படத்தை அனுப்பாதே, படம் வரையும் கட்டளையை அனுப்பு என்பதுதான் இதன் சூட்சுமம். 'இங்கிருந்து அங்கே கோடு போடு', 'இங்கே வட்டம் போடு', 'அதைப் பச்சையால் நிரப்பு' என்று சில எழுத்துகளில் சொன்னால் போதும். அழைத்தவரின் கம்ப்யூட்டரே வரைந்துகொள்ளும். போனில் ஒருவர் சொல்லச் சொல்ல, மறுமுனையில் இன்னொருவர் கோலம் போடுவதுபோல.

எழுத்துகளை மிச்சம் பிடிக்க எண்களையும் சுருக்கினார்கள். 0 முதல் 9 வரையும், அதன்பின் ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுமாக மொத்தம் 36 குறிகள். இரண்டே குறிகளில் 1295 வரை எழுதலாம். திரையின் எந்தப் புள்ளியையும் சுட்ட அது போதும். மவுஸால் அழுத்தக்கூடிய பட்டன்களும் இதில் வந்தன.

ஆனால், அழைப்பவரிடமும் 'ரிப்' புரியும் மென்பொருள் இருக்கவேண்டும். இல்லாதவரின் திரையில் ஆச்சரியக்குறியும் செங்குத்துக் கோடும் கலந்த கிறுக்கல்கள் கொட்டும். எனவே, உள்ளே வந்தவுடன் போர்டு ரகசியமாக ஒரு கேள்வி அனுப்பும். 'ரிப்' மென்பொருள் இருந்தால் அது தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் பதிலாகச் சொல்லும். பதில் இல்லையா? ஆன்சிதான்! ஆகவே, ஒரே விளையாட்டுக்கு இரண்டு விதத் திரைகளைத் தயாராக வைக்கவேண்டும்.

கட்டளைகளால் வரைய முடியாத சின்னச் சின்னப் படங்களை 'ஐகான்' ஃபைல்களாக அழைப்பவரின் கம்ப்யூட்டரிலேயே வைத்திருக்கவேண்டும். சிஸாப் அவற்றை ஒரு மூட்டையாகக் கட்டி ஃபைல் பகுதியில் வைப்பார். 'முதலில் இதை டவுன்லோடு செய்துவிட்டு வாருங்கள்' என்று நோட்டீஸும் போடுவார். படிக்காமல் ஓடி வருபவர்களுக்கு அரண்மனை தெரியும். வாசலில் நிற்கும் காவலாளி இருக்கவேண்டிய இடம் காலியாக இருக்கும்!

சில விளையாட்டுகள் இன்னும் ஒரு படி மேலே போயின. 'லேண்ட் ஆஃப் டிவாஸ்டேஷன்' போன்ற விளையாட்டு, தனக்கென்றே கிராஃபிக்ஸ் காட்டும் ஒரு தனி டெர்மினல் மென்பொருளை வைத்திருந்தது.

ஒருவர் போனால்தான் இன்னொருவர்

ஒரு வீட்டுப் போர்டுக்குப் பெரும்பாலும் ஒரே லைன். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்க முடியும். அப்புறம் எப்படி ஊரே சேர்ந்து விளையாடியது?

1989-ல் செத் ஏபிள் ராபின்சன் உருவாக்கிய 'லெஜண்ட் ஆஃப் தி ரெட் டிராகன்' விளையாட்டில் இதற்கு அழகான விடை இருந்தது. ஒரு நாளைக்குக் காட்டில் இத்தனை சண்டைகள்தான் என்று அளவு உண்டு. முடிந்ததும் வெளியேறவேண்டும். வெளியேறும்போது உங்கள் கதாபாத்திரம் வயல்வெளியில் தூங்கும். அடுத்து வருபவர் தூங்குபவரைத் தாக்கலாம்! பயம் இருந்தால் காசு கொடுத்து விடுதியில் அறை எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் அழைத்தால், 'நேற்று இன்னார் உங்களை வெட்டிவிட்டார்' என்ற செய்தி காத்திருக்கும். அந்த 'இன்னார்' இரண்டு தெரு தள்ளி இருப்பவராகவும் இருக்கலாம்.

தினசரி அளவு வைத்ததால் ஒருவரே லைனைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. வரிசையில் அடுத்தவருக்கும் இடம் கிடைத்தது. எதிரியை நேரில் பார்க்காமலேயே பகையும் நட்பும் வளர்ந்தன. குறைதான் விளையாட்டின் சுவையானது.

மூடிய கதவு... மூடாத கதவு

கோடுகளாலும் வட்டங்களாலும் சிஸாப்கள் அரண்மனை கட்டிக்கொண்டிருந்த அதே 1993-ல்தான் 'மொசைக்' பிரவுசர் வந்தது. எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில், ஊர் எல்லையே இல்லாமல்! அடுத்த சில ஆண்டுகளில் மக்கள் இன்டர்நெட் பக்கம் போனார்கள். மோடத்தின் சிவப்பு விளக்குகள் மினுங்குவது குறைந்தது. பாடுபட்டு நிறுவிய கிராஃபிக்ஸ் கதவுகளை ரசிக்க ஆள் வருவதற்குள், போர்டுகள் ஒவ்வொன்றாக லைனைத் துண்டித்துக்கொண்டன.

ஆனால், முழுசாக மூடவில்லை. 'சிங்க்ரோநெட்' போன்ற போர்டு மென்பொருள்கள் இன்றும் புதுப்பிக்கப்படுகின்றன. டெலிபோனுக்குப் பதில் இன்டர்நெட் வழியாக ஆட்கள் வருகிறார்கள். பழைய டாஸ் விளையாட்டை ஏமாற்ற, மோடம் ஒன்று மாட்டியிருப்பதுபோலப் பாவனை காட்டும் மென்பொருள்களும் இருக்கின்றன. இன்றும் வந்தவர் யார் என்று விளையாட்டுக்குச் சொல்வது அதே 52 வரிச் சீட்டுதான்.

முதல் போர்டை உருவாக்கிய இருவரில் ராண்டி சூஸ் 2019 டிசம்பரிலும், வார்ட் கிறிஸ்டென்சன் 2024 அக்டோபரிலும் காலமானார்கள். பனிப்புயலில் அவர்கள் மாட்டிய நோட்டீஸ் போர்டில் விளையாட்டுக்கு இடமே இல்லை. பின்னால் வந்த, பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான சிஸாப்கள்தான் அதில் கதவு வைத்தார்கள். தங்கள் வீட்டு லைனை ஊருக்குத் திறந்துவிட்டு, போனவர் பத்திரமாகத் திரும்பி வருகிறாரா என்று நள்ளிரவில் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இன்று ஒரு கேம் ஹேங் ஆனால் எரிச்சலோடு மூடிவிட்டு அடுத்ததைத் திறக்கிறோம். அன்று அதே நேரத்தில், ஒருவர் தூக்கம் கலைந்து எழுந்து, அடுத்த அழைப்புக்காகக் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார்!