எழுந்து நிற்க உதவும் மின் நாற்காலி

உட்கார்ந்த இடத்திலிருந்து எழுவதை நாம் ஒரு வேலையாகவே நினைப்பதில்லை. முழங்கால் மூட்டு தேய்ந்தவர்களுக்கும் பார்க்கின்சன் நோயாளிகளுக்கும் பக்கவாதத்திலிருந்து மீண்டு வருபவர்களுக்கும் அன்றாடம் பெரும்பாடாக இருப்பது அதுதான். "எழுப்பிவிடச் சொல்லி எத்தனை தடவை கூப்பிடுவது?" என்று தயங்கித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெரியவர்கள் உண்டு. மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் அதன் பின்னால் வருகின்றன. இவர்களுக்கு உதவக்கூடியது, மின்சாரத்தில் இயங்கும் 'லிஃப்ட் சேர்'. நல்ல கருவிதான். ஆனால் எல்லோருக்கும் உரியதல்ல.

கையைப் பிடித்து இழுக்கலாமா?

எழும்போது பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, உடலை முன்னால் சாய்க்கிறோம். எடை பாதங்களுக்கு வந்ததும் தொடைத் தசைகள் முழங்காலை நிமிர்த்துகின்றன. இருக்கை எவ்வளவு தாழ்வோ, முழங்காலுக்கு அவ்வளவு சுமை. அதனால்தான் அமுங்கிப்போன சோபாவில் திணறுபவர், சாப்பாட்டு மேசை நாற்காலியிலிருந்து தானே எழுந்துவிடுகிறார்.

வீட்டில் நாம் செய்வது என்ன? இரண்டு கைகளையும் பிடித்து இழுக்கிறோம். எடை பாதங்களுக்கு வருமுன்பே தோள்பட்டையில் இழுவிசை விழுகிறது. பக்கவாதத்தால் தளர்ந்த கையை இப்படி இழுத்தால் தோள்மூட்டு நழுவும் ஆபத்து உண்டு. இழுப்பவரின் இடுப்பும் பாதிக்கப்படுகிறது. மாமியாரை ஒவ்வொரு நாளும் தூக்கித் தூக்கியே முதுகுவலிக்காரியான மருமகளின் வேதனையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நாற்காலி என்ன செய்கிறது?

ரிமோட் பொத்தானை அழுத்தினால், இருக்கைக்கு அடியிலுள்ள மோட்டார் நாற்காலியை மெதுவாக உயர்த்தி முன்னோக்கிச் சாய்க்கும். பாதங்கள் தரையில் ஊன்றியபடியே, உட்கார்ந்திருப்பவர் நிற்கும் நிலைக்கு வருகிறார். ஒரு மோட்டார் உள்ளவற்றில் முதுகுப் பகுதியும் கால் பலகையும் சேர்ந்தே நகரும். இரண்டு மோட்டார் இருந்தால் தனித்தனியாக நகர்த்தலாம். படுத்தால் மூச்சு வாங்குகிறது, ஆனால் கால் வீக்கத்துக்காகக் காலை உயர்த்தவும் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டாவது வகையே பொருந்தும்.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடு இதில் தெளிவாக இருக்கிறது. தூக்கும் கருவிக்கு மட்டும் பணம் தரும். மெத்தை, உறை உள்ளிட்ட மற்றவை நோயாளியின் செலவு. இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுவாதம் கடுமையாக இருக்க வேண்டும், அல்லது கடுமையான நரம்புத்தசை நோய் இருக்க வேண்டும். சாதாரணக் கை வைத்த நாற்காலியிலிருந்து எழவே முடியாதவராகவும், எழுந்த பின் நடக்கக்கூடியவராகவும் இருக்க வேண்டும். ஸ்பிரிங் விசையில் சட்டென்று தள்ளிவிடும் இருக்கைகளுக்கு அங்கே பணம் கிடையாது.

நமக்கும் இதுவே சரியான அளவுகோல். நின்ற பின் ஓர் அடிகூட வைக்க முடியாதவரை இந்த நாற்காலி விழுமிடத்துக்குத்தான் கொண்டுபோகும். மறதி நோய் முற்றியவர் தவறான நேரத்தில் பொத்தானை அழுத்திவிடலாம்.

வாங்கும் முன்

முதலில் இருக்கும் நாற்காலியின் உயரத்தைக் கூட்டிப் பாருங்கள். உறுதியான மெத்தையும் கை ஊன்ற நல்ல கைப்பிடியும் போதும் என்றால் பெரிய செலவு மிச்சம். போதவில்லை என்றால், பயன்படுத்தப்போகும் பெரியவரையே கடைக்கு அழைத்துச் சென்று உட்காரவைத்துப் பாருங்கள். முதுகு ஒட்டி உட்கார்ந்தபடி பாதம் முழுதும் தரையில் பட வேண்டும். நாற்காலி தாங்கும் எடையைக் கேளுங்கள். சாய்ந்திருக்கும்போது மின்சாரம் போனால் எப்படி நிமிர்வது என்று அவசியம் கேளுங்கள்; பேட்டரி வசதியுள்ளவை கிடைக்கின்றன. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், நாற்காலியை இறக்கும் முன் ஒவ்வொரு முறையும் அடியில் பார்த்தே ஆக வேண்டும். அடியிலுள்ள தூக்கும் இயந்திரத்துக்குள் பிஞ்சு விரல் சிக்கினால் தாங்காது.

எழுந்ததும் நடக்கத் தொடங்கக் கூடாது. நின்ற 3 நிமிடங்களுக்குள் மேல் ரத்த அழுத்தம் 20 புள்ளிகளோ அதற்கு மேலோ இறங்குவது முதியவர்களிடம் காணப்படும் கோளாறு. தலைசுற்றி விழச் செய்யும். கைப்பிடியைப் பற்றியபடி சற்று நின்று, தலை தெளிந்த பிறகே நகர வேண்டும்.

கால்களுக்கு வேலை கொடுங்கள்

என் பெரிய கவலை இதுதான். முழுவதையும் மோட்டாரே செய்தால் தொடைத் தசை இன்னும் மெலியும். சாய்ந்தே கிடந்தால் பின்புறத்தில் புண் வரும். முடிந்தவர்கள் நாற்காலியைப் பாதி உயரம் வரை மட்டும் உயர்த்தி, மீதி உயரத்துக்குத் தங்கள் கால் பலத்தால் எழ வேண்டும்.

இன்னும் தானே எழக்கூடிய பெற்றோருக்கு ஒரு சோதனை செய்து பாருங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டியபடி 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். பக்கத்தில் ஒருவர் நிற்பது அவசியம். 70 முதல் 74 வயதுள்ள பெண் 10 முறைக்கும், ஆண் 12 முறைக்கும் குறைவாக எழுந்தால் விழும் அபாயம் அதிகம். அவர்களுக்கு முதல் தேவை பயிற்சிதான்.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் வீட்டுக்கே வந்து தரப்படுகிறது. நாற்காலிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைப் பற்றிக் கேளுங்கள்.