கொதிநீரில் ஒரு கைமாற்று வித்தை

கொல்கத்தாவுக்கு வடமேற்கே பீர்பூம் மாவட்டத்தில் இருக்கிறது பக்ரேஷ்வர். சிவன் கோயிலுக்கு வரும் பக்தர்கள் அங்குள்ள வெந்நீர்க் குளங்களில் முழுக்குப் போடுகிறார்கள். அக்னி குண்டம் விதிவிலக்கு. ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் யார் இறங்குவது? ஆனால் இங்குள்ள ஊற்றுகளில் நிரந்தரவாசிகள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள்.

அவற்றில் ஒன்றைக் கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வளர்த்து, அதன் புரதத்தைச் சிமென்ட் கலவையில் சேர்த்து வலுவைக் கூட்டிக் காட்டினார்கள். அமெரிக்காவின் எல்லோஸ்டோன் ஊற்றுகளில் 1960களில் தாமஸ் பிராக் கண்டெடுத்த பாக்டீரியாவின் நொதிதான் பின்னாளில் பி.சி.ஆர். சோதனையை எளிதாக்கியது. வெந்நீர் உயிரிகள் என்றாலே எல்லோரும் வியப்பது இதைத்தான்: வேகாத புரதம்.

புரதம் வேகாமலிருந்தால் மட்டும் போதாது. ஒரு நொதி தயாரித்து அடுத்த நொதிக்குத் தரும் இடைப்பொருளும் பிழைக்க வேண்டுமே! கார்பமாயில் பாஸ்பேட் என்ற சிறு மூலக்கூறை எடுத்துக்கொள்ளுங்கள். மரபணு எழுத்துகளில் சிலவற்றுக்கும் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்கும் இதுவே மூலப்பொருள். நம் கல்லீரல் அமோனியாவை யூரியாவாக்குவதும் இதன் வழியேதான். நம் உடல் சூட்டில் இதில் பாதி சிதைய சுமார் 5 நிமிடம் ஆகிறது. 100 டிகிரியை நெருங்கினால் 2 விநாடிகூடத் தாங்காது. சிதைந்தால் நஷ்டத்தோடு நிற்பதில்லை. பிறக்கும் சயனேட் நஞ்சு, செல்லின் புரதங்களிலேயே ஒட்டிக்கொண்டு அவற்றைக் கெடுக்கும்.

இத்தாலியின் வல்கானோ தீவுக் கடலோரத்தின் சூடான படிவில் கிடைத்து, 1986-ல் அறிவிக்கப்பட்ட பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸ் இந்தச் சூட்டில்தான் செழிக்கிறது. எப்படி?

மாடிக்குக் கான்கிரீட் போடும் இடத்தைப் பார்த்தால் புரியும். கலவைச் சட்டியை யாரும் தரையில் வைப்பதில்லை. சித்தாள்கள் வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றுகிறார்கள். பைரோகாக்கஸிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடு. மூலக்கூறைத் தயாரிக்கும் நொதியும் அதை வாங்கி ஆர்ஜினின் பாதையில் செலுத்தும் நொதியும் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன என்பதற்கு பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்கள் 2002-ல் சான்று தந்தார்கள். நிரந்தரப் பிணைப்பல்ல, தொட்டு விலகும் உறவு. செல்லின் பொதுத் திரவத்தில் அலையவிடாமல் சரக்கு கைமாறுகிறது.

வாங்கும் கையும் சாதாரணக் கையல்ல. இந்த மூலக்கூறைப் பெற்றுக்கொள்ளும் நொதிகள் அதைப் பிடித்த பிடியிலேயே, சிதையும் வேகத்தை 5,000 மடங்குக்கும் மேல் குறைத்துவிடுவதாக அமெரிக்க ஆய்வொன்று 2008-ல் கணக்கிட்டது. சிதையத் தோதான வடிவத்துக்கு வளைய மூலக்கூறுக்கு இடமே தருவதில்லை.

வெந்நீர் ஊற்றிலிருந்து ஒற்றைப் புரதத்தைப் பிரித்தெடுத்துச் சிமென்டில் கலப்பது சுலபமான வேலை என்றே சொல்லலாம். பல நொதிகளை வரிசையாக இயக்கி, சூடான தொட்டியில் மருந்தோ ரசாயனமோ தயாரிக்க நினைப்பவர்களின் பாடுதான் கஷ்டம். வேகாத நொதிகளை வாங்கிப் போட்டால் மட்டும் ஆகாது. எந்த நொதிக்குப் பக்கத்தில் எது நிற்க வேண்டும் என்பதையும் அவர்கள் பார்த்தாக வேண்டும்.