ஒரே வாசல், பல அடுப்பு

மாமியாரும் மருமகளும் ஒரே சமையலறையில் எத்தனை நாள் சிரித்த முகத்தோடு இருக்க முடியும்? இந்தக் கேள்வியை உங்கள் வீட்டில் உரக்கக் கேட்டுவிடாதீர்கள், சகோதரிகளே! செட்டிநாட்டு நகரத்தார் வீட்டுப் பெரியவர்கள் இதற்கு என்றைக்கோ ஒரு விடை கண்டுவிட்டார்கள்.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் போனால் அந்தப் பெரிய வீடுகளைப் பார்க்கலாம். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். திண்ணையும் முகப்பும் தாண்டி உள்ளே போனால் வானம் பார்த்த முற்றம். அதைச் சுற்றித் தூண்கள் வைத்த தாழ்வாரம். தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். இந்தப் பகுதிக்கு 'வளவு' என்று பெயர். மணமான மகன்களுக்கு ஆளுக்கோர் அறை.

மகனுக்குக் கல்யாணமாகிச் சில காலத்தில் அவனை 'வேறு வைப்பது' அங்கே வழக்கம். பட்டணத்தில் இதைக் கேட்டால், "ஐயையோ, வீட்டில் சண்டையா?" என்போம். அங்கே அது சண்டையல்ல, முறை. ஆண்டுக்கு இவ்வளவு என்று அரிசியும் பணமும் கொடுத்து, புது மருமகளைத் தனி அடுப்பு மூட்டச் சொல்வார்கள். வாசலும் அதேதான், முற்றமும் அதேதான்; உலை மட்டும் வேறு. குழம்பில் உப்புக் கூடினால் அவள் பாடு. வருஷக் கடைசியில் பணம் போதாமல் கையைக் கடித்தால் அதுவும் அவளுக்குப் பாடம். ஆனால் நடுநிசியில் குழந்தைக்கு ஜுரமென்றால், குரல் கொடுத்த மாத்திரத்தில் மாமியாரும் ஓரகத்திகளும் வந்து நிற்பார்கள். கணவன்மார் பர்மாவிலும் மலாயாவிலும் வருஷக்கணக்கில் தொழில் பார்த்த நாட்களில், அந்தப் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய துணை!

தனி அடுப்பு மூட்டிய மகனுக்கு ஊரிலும் ஒரு கணக்கு உண்டு. மணமான தம்பதி ஒரு 'புள்ளி'. கோயில் வரி புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் பிரியும்.

1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபின் அங்கிருந்து வந்த செல்வம் வற்றியது. பிள்ளைகள் வேலை தேடி நகரங்களுக்குப் போனார்கள். இன்று பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பல பேர். ஓடு மாற்றவும் எல்லாரும் சம்மதிக்க வேண்டும். சில வீடுகள் இடிந்து, கதவும் தூணும் பழம்பொருள் கடைக்கு வந்துவிட்டன. ஆனாலும் ஒரு கல்யாணம், முன்னோருக்கு ஒரு படைப்பு என்றால் பூட்டுகள் திறக்கின்றன, வளவு நிறைந்துவிடுகிறது.

தெரு நீளத்துக்கு வீடு கட்ட நம்மால் ஆகாது. அதனாலென்ன? "தனிக்குடித்தனம் போகலாமா, அம்மா?" என்று மகன் தயங்கித் தயங்கிக் கேட்டால் கண்ணைக் கசக்காதீர்கள். பக்கத்துத் தெருவிலேயே ஒரு வீடு பார்த்து, நல்ல அடுப்பாக ஒன்று நீங்களே வாங்கிக் கொடுங்கள்!