வெள்ள அபாயப் படமும் வீடுடையாரும்

வெள்ள அபாயப் படம் என்பது, ஓரிடத்தில் வெள்ளம் எவ்வளவு தூரம் பரவும், எவ்வளவு உயரம் எழும் என்பவற்றைக் கணித்து வரைந்த நிலப்படமாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இப்படம் அறிவுக்குரிய பொருளாக மட்டும் நிற்பதன்று. வீடுடையாரின் வாழ்வையும் அது நிருணயிக்கின்றது.

தனியார் கம்பனிகள் வெள்ளச் சேதத்தைப் பொறுப்பேற்கத் தயங்கினமையால், 1968ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு தேசிய வெள்ளக் காப்புறுதித் திட்டத்தை நிறுவிற்று. 1973ஆம் ஆண்டுச் சட்டம், அபாய வலயத்துள் அமைந்த வீட்டை ஈடுவைத்து வங்கிக்கடன் பெறுவோர் காப்புறுதி செய்தல் வேண்டுமென விதித்தது. ஓராண்டில் நூற்றுக்கு ஒரு பங்கு நிகழ்தகவுடைய வெள்ளம் பரவும் நிலமே அவ்வலயமாம். இதனை ‘நூறாண்டு வெள்ளம்’ என்பர். நூறாண்டுக்கொருமுறையே அது வரும் என்று கொள்ளுதல் தவறு. 30 ஆண்டுக் கடன் தீருமுன் அஃது ஒருமுறையேனும் வருதற்கு நூற்றுக்கு 26 பங்கு வாய்ப்புண்டு.

படம் பழையதாயின் விளையும் கேட்டிற்கு நியூயோர்க் நகரமே சான்று. 1983ஆம் ஆண்டில் வரைந்த படம் அந்நகரின் 33 சதுரமைல் நிலத்தை அபாய வலயமாகக் காட்டியது. 2012 ஒக்டோபரில் வீசிய சான்டிப் புயலின்போதோ கடல்நீர் 51 சதுரமைல் பரப்பை மூடிற்று. கோட்டுக்கு வெளியே இருந்தோருட் பலர் காப்புறுதியின்றி இழப்பெய்தினர்.

2013இல் வெளியான புதிய வரைவு வலயத்தைப் பெரிதும் விரித்தது. முன்பு வலயத்துக்குப் புறம்பாயிருந்த வீடுகள் பல அதனுள் அகப்பட்டன. அப்படம் நடைமுறைக்கு வரின், கடனுடையார் ஆண்டுதோறும் காப்புறுதிக் கட்டணம் செலுத்துதல் வேண்டும்; வீட்டை உயர்த்திக் கட்டப் பெரும்பொருள் வேண்டும்; வாங்குவோரும் தயங்குவர். இச்சுமை வருவாய் குறைந்த குடும்பங்களையே மிகுதியும் வருத்தும். வெள்ளமட்டம் அளவுக்கு மிஞ்சிக் கணிக்கப்பட்டதென நகராட்சி 2015இல் முறையீடு செய்தது. கூட்டாட்சி அரசின் அவசரகால முகாமை நிறுவனம் 2016இல் படத்தைத் திருத்த உடன்பட்டது. திருத்தம் முடியும்வரை காப்புறுதிக்குப் பழைய படத்தையும், கட்டடங்களுக்குப் புதிய வரைவையும் கைக்கொள்ளுதல் என்பது ஏற்பாடாயிற்று. இன்றைய குடிகளின் சுமையும் நாளைய கட்டடங்களின் காப்பும் இதனால் ஒருங்கே கருதப்பட்டன.

எனினும் காப்புறுதிக்குரிய கோடு பின்தங்கி நிற்றலால் வரும் இடர் ஒன்றுண்டு. கோட்டுக்குப் புறத்தே உள்ளோர் தமக்கு அபாயமில்லையென மயங்குவர். நீர் கோடு கண்டு நிற்பதன்று.

தனிவீட்டார் செய்ய இயலாததைச் சமூகம் செய்தல் கூடும். வடிகால்களைப் பேணியும், வெள்ளநிலத்தைக் கட்டடமின்றித் திறந்தவெளியாக விட்டும், மக்களுக்கு அபாயத்தை அறிவித்தும் வரும் ஊர்களின் காப்புறுதிக் கட்டணத்தை நூற்றுக்கு 5 முதல் 45 வரை குறைக்கும் முறை 1990 முதல் அந்நாட்டில் உண்டு.

ஆகவே, சுமைக்கு அஞ்சிப் படத்தின் உண்மையைக் குறைத்தல் தகாது. உண்மையைக் காட்டி, அதனால் எழும் சுமையை எளியோர்மீது மட்டும் ஏற்றிவிடுதலும் தகாது. படம் மெய்யுரைத்தலும் சுமையைப் பலரும் பகிர்தலும் இணையும்போதே வெள்ளத்தினின்று காக்கும் முயற்சி அறத்தோடு பொருந்தியதாகும்.