"அண்ணைக்குக் கொஞ்சம் களைப்பு"

லாச்சப்பலில் எனக்குத் தெரிந்த அண்ணை ஒருவர் இருக்கிறார். உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை, வதிவிட அனுமதி இழுபறி, ஊரில் கடன். நித்திரையே வருவதில்லை என்று போன மாரிகாலத்தில் வைத்தியசாலைக்குப் போனபோது, மொழிபெயர்க்க நானும் கூடப் போனேன். நான் கணினி வேலை பார்ப்பவன். பிரெஞ்சு தெரியும், அவ்வளவுதான் என் தகுதி.

தாதி நேரடியாகவே கேட்டார்: "சாக வேண்டும் என்ற யோசனை வருகிறதா? அதற்குத் திட்டம் ஏதும் வைத்திருக்கிறீர்களா?"

எனக்கு வாய் வரவில்லை. வயதில் மூத்தவரிடம் இதை எப்படிக் கேட்பது? "மனசு சரியில்லையோ அண்ணை?" என்று மாற்றிக் கேட்டேன். தலையைக் குனிந்தபடி கனநேரம் கதைத்தார். "இனி இருந்து என்ன தம்பி" என்று முடித்தார். நான் தாதியிடம் சொன்னது: "அவருக்குக் கொஞ்சம் களைப்பு."

இவ்வளவு நேரம் பேசியதற்கு இவ்வளவுதானா என்பது போல தாதி என்னைப் பார்த்தார். என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, தொலைபேசியில் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை எடுத்தார். அன்றிரவு அண்ணையை வீட்டுக்கு விடவில்லை. இப்ப சுகமாக இருக்கிறார். இதை எழுதச் சொன்னதும் அவர்தான்.

நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்பது நம் பயம். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. பிரான்சில் 2021 ஒக்டோபரில் தொடங்கிய 3114 என்ற இலவச எண்ணை 24 மணி நேரமும் எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தாதியரும் உளவியலாளர்களும். அவர்களும் இதைச் சுற்றி வளைக்காமல்தான் கேட்பார்கள். (இலங்கையில் 1926, இந்தியாவில் 14416.)

வீட்டு வன்முறையில் நிலைமை இன்னும் மோசம். அடி வாங்கிய பெண்ணுக்கு அடித்தவனே மொழிபெயர்ப்பாளன்! இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற மகள். அம்மா எதைச் சொல்லுவா, எதை விழுங்குவா? பெண்ணைத் தனியே வைத்து, குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவரைக் கொண்டு கேட்பதுதான் முறை. 3919 எண் இப்படியான பெண்களுக்கானது. சித்திரவதையும் போரும் கண்டவர்களுக்குப் பாரிஸில் பிரிமோ லெவி நிலையம் 1995 முதல் இருக்கிறது. அங்கும் மொழிபெயர்ப்பாளர் சிகிச்சையின் ஒரு பகுதி.

நல்ல மனசோடு கூடப் போகிற நாங்கள்தான் பல நேரம் தடை. கூடப் போங்கோ, வெளியே காத்திருங்கோ.

"அன் அன்தெர்ப்ரெத் தமூல், சில் வு ப்ளே." தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும் என்று அர்த்தம். அண்ணை இதைத் தமிழ் எழுத்தில் ஒரு துண்டில் எழுதி, மெத்ரோ அட்டையோடு வைத்திருக்கிறார்.